சூடு வராத கார்

கனடாவில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அநேகமாகக் கோடையில்தான் போவார்கள். வெயில் நன்றாக எறிக்கும். விற்பவரும் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்பார். டயரைக் காலால் தட்டிப் பார்ப்போம், எஞ்சினை முறுக்கிச் சத்தம் கேட்போம், ஏசி வேலை செய்கிறதா என்று கட்டாயம் விசாரிப்போம். ஓகஸ்ட் மாதத்து 30 டிகிரி வெக்கைக்குள் நின்றுகொண்டு, ஹீற்றரைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்ட ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விற்கிறவர்களுக்கும் இது தெரியும்.

1998 ஓகஸ்டில் ஸ்காபரோவில் நான் வாங்கியது 1987இல் செய்யப்பட்ட ஒரு ஜப்பான் கார். நாலு கதவு, நாலு சிலிண்டர். றோட்டில் கொட்டுகிற உப்பு வருடக்கணக்காகத் தின்று, கதவுகளின் அடியில் துரு பூத்திருந்தது. விலை 1,200 டொலர். இருக்கிறபடியே விற்பது, பிறகு வந்து முறையிடக் கூடாது என்று கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போது மிஸிஸாகாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. விடியப்புறம் வேலை முடிகிற நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அதே தொழிற்சாலையில் வேலை செய்த இன்னும் சிலர் என்னோடு வந்தார்கள். கிழமைக்கு ஒருக்கால் பெற்றோல் காசு தந்தார்கள். அந்தக் காரை நம்பி ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன.

இலையுதிர் காலம் முடியுமட்டும் ஒரு குறையும் இல்லை. குளிர் இறங்கிய பிறகுதான் ஹீற்றரின் நிலைமை தெரிந்தது. காற்று வரும், ஆனால் வெளியில் அடிக்கிற காற்றிலும் பார்க்கக் கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். டிசம்பர் எப்படியோ கழிந்தது. 1999 ஜனவரி 2ஆம் திகதி கொட்டத் தொடங்கிய ஸ்னோ விடவில்லை. இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ரொறன்ரோவின் அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ளுவதற்கு ராணுவத்தை அழைத்தார். கனடாவின் மற்ற மாகாணங்கள் அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கின்றன. எங்கள் கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கோ தொலைக்காட்சியில் அந்தக் கவச வாகனங்களைக் கண்டதும் வயிற்றைக் கலக்கியது. ராணுவம் தெருவில் இறங்கியது கையில் சவளோடு என்று நம்புவதற்கு எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த மாதம் 401 நெடுஞ்சாலையில் ஹீற்றர் இல்லாமல் போய்வந்ததைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வட அமெரிக்காவில் வாகனங்கள் மிக அதிகமாக ஓடுகிற நெடுஞ்சாலைகளில் அது ஒன்று. குளிரைத் தாங்கலாம். இரண்டு காற்சட்டை, இரண்டு சோடி காலுறை, மடியில் போர்வை. தாங்க முடியாதது கண்ணாடி. உள்ளே இருக்கிற ஆட்களின் மூச்சு முன்கண்ணாடியில் படிந்து, படிந்த இடத்திலேயே உறைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பாட்டுக் கசெற்றின் மூடியால் அதைச் சுரண்டிக்கொண்டே வருவார். சுரண்டிய தூள் என் மடியில் விழும். சுரண்டிய இடத்தால் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிகிற றோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன். சூடான கோப்பியோடு யாரும் காருக்குள் ஏறக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தோம். அதன் ஆவி ஒன்றே போதும், கண்ணாடி முழுவதும் மறைந்துவிடும்.

ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று வாயைத் திறந்தால் ரொறன்ரோவில் எல்லாரும் வைத்தியர்கள். பெரும்பாலானோர் சொன்னது: "ஹீற்றர் கோர் போட்டுது." டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒரு சின்ன றேடியேற்றர்தான் ஹீற்றர் கோர். அதைக் கழற்றுவதென்றால் பல கார்களில் டாஷ்போர்ட் முழுவதையும் பிரித்து வெளியில் எடுக்க வேண்டும். சாமான் மலிவு, கூலி பெரிது. ஒரு கராஜில் போய்க் கேட்டேன். பொனற்றைத் திறக்காமலே 600 டொலர், வரி தனி என்றார்கள். காரின் விலையில் பாதி. சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகுகிற சின்ன ஹீற்றர் ஒன்றை வாங்கச் சொன்னார் இன்னொருவர். அது தரக்கூடிய சூடு 150 வாட் அளவு. காரின் சொந்த ஹீற்றர் கொடுப்பது சில கிலோவாட். வாங்கியவர்களின் காரில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பயன்பட்ட யோசனை ஒன்றை ஒரு பழைய லொறிச் சாரதி சொன்னார். றேடியேற்றருக்கு முன்னால் ஒரு கடதாசி மட்டையைச் செருகி, குளிர் காற்று அதன்மீது படாமல் பாதியை மறைக்கச் சொன்னார். செருகினேன். நெடுஞ்சாலையில் சூடு கொஞ்சம் கூடியது. ஏன் கூடியது என்பதற்கான காரணம் பிறகுதான் விளங்கியது. முழு நோயையும் காட்டிக்கொடுத்த முதல் தடயம் அந்த மட்டை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது கராஜ் அண்ணையிடம். அவருக்குச் சொந்தமாகக் கராஜ் கிடையாது. கிழமை நாட்களில் ஒரு பேக்கரியில் வேலை. சனி ஞாயிறில் தம்பி வீட்டு வாசலில் கார் திருத்துவார். ஊரில், யாழ்ப்பாண நகரில், 15 வயதிலேயே ஸ்பானர் பிடித்தவர். 1990இல் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் கிடைக்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், சொமசெற் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்திலால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஒழுங்காக எரியாது. கராஜ் அண்ணை அந்தக் காலத்தில் தினமும் செய்த வேலை இதுதான். எஞ்சினுக்குச் சூடு எவ்வளவு அவசியம் என்பதைச் சூட்டு ஊரிலேயே படித்து வந்தவர்.

என் காரை அவர் தொட முதல் கேட்ட கேள்வி: "தம்பி, காத்து வரேல்லையோ, சூடு வரேல்லையோ?"

"காத்தும் ஒழுங்கா வரேல்லை அண்ணை. நாலாம் நம்பரில மட்டும்தான் அடிக்குது. முதல் மூண்டும் செத்துப்போச்சு."

"அது வேற வருத்தம். உதைக் கடைசியாப் பாப்பம். ரெண்டு வருத்தத்தை ஒண்டெண்டு நினைச்சாத்தான் காசு போறது."

அவர் சொன்னது இன்றைக்கும் சரி. காற்றை ஊதுகிற மோட்டார் ஒரு பாதை. சூடு வந்து சேர்கிற வழி இன்னொரு பாதை. மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதற்கு அந்தக் காலத்துக் கார்களில் ஒரு றெசிஸ்ரர் இருக்கும், சுருள் கம்பிகள் கொண்ட ஒரு சின்னத் தகடு. கடைசி வேகத்தில் மின்சாரம் அதைத் தாண்டி நேரே மோட்டாருக்குப் போய்விடும். கம்பி எரிந்தால் கீழ் வேகங்கள் சாகும், கடைசி வேகம் மட்டும் பிழைத்திருக்கும். மோட்டாரில் குறை இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பிறகு அவர் தோட்டக்காரர் பிள்ளையாக ஒரு கதை சொன்னார். "பாத்தி காஞ்சு கிடக்கெண்டு வை. கிணத்தில தண்ணி இருக்கோ? வாய்க்கால் எங்கையும் உடைச்சிருக்கோ? பாத்தி வாய் திறந்திருக்கோ? இந்த ஒழுங்கிலதானே பாப்பாய்? உவங்கள் எடுத்த எடுப்பில பாத்தியை வெட்டிக் கொட்டச் சொல்லுறாங்கள்."

காரின் ஹீற்றர் சொந்தமாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. எரிகிற பெற்றோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் சில்லைச் சுழற்றப் போகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்ற் நீரோடும் வெளியேறுகிறது. அந்த நீரில் கொஞ்சத்தை இரண்டு றப்பர் குழாய்கள் வழியாக டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற கோருக்குத் திருப்பிவிட்டு, அதன் ஊடாகக் காற்றை ஊதினால் அதுதான் ஹீற்றர். எஞ்சினுக்கு வேண்டாத சூடு நமக்கு வேண்டிய சூடாகிறது. தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரூட்டப்பட்ட பழைய வொக்ஸ்வாகன் பீற்றிலில் இந்த வசதி இல்லை. புகைக்குழாயைச் சுற்றிய காற்றைத்தான் உள்ளே விட்டார்கள். எரிகிற எஞ்சினே இல்லாத இன்றைய மின்சாரக் கார் ஹீற்றருக்காகப் பற்றரியைச் செலவழிக்கிறது; குளிர்காலத்தில் அது ஓடுகிற தூரம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே அண்ணை கிணற்றில் இருந்து தொடங்கினார். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருந்தபோதுதான் றேடியேற்றரின் மூடியைத் திறந்தார். சூடான எஞ்சினில் நீர் அழுத்தத்தில் இருக்கும். 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் பீறும். ஊரில் அப்படி வெந்துபோன கைகளைக் கண்டவர் அவர். என்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தால் நீரைக் காணவில்லை. விரல் விட்டுத் துழாவினார். விரலில் பட்டது செம்மண் நிறம். பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ற் அது.

சின்னப் பந்துகள் மிதக்கிற ஒரு குழாயால் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிப் பார்த்தார். யாரோ வெறும் தண்ணீரை மேலும் மேலும் விட்டு நிரப்பியிருக்கிறார்கள். தண்ணீரும் எதிலீன் கிளைக்கோலும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய சைபருக்குக் கீழ் 37 டிகிரி வரை உறையாது. கிளைக்கோல் தனியாக இருந்தால் கீழ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். கூட விட்டால் கூடப் பாதுகாப்பு என்று நினைத்துத் தண்ணீர் சேர்க்காமல் நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆபத்துத்தான். உறைகிற தண்ணீர் விரிந்து எஞ்சினின் இரும்பையே வெடிக்க வைக்கும்.

நீர் குறைந்தால் அது எங்கேயோ போயிருக்க வேண்டும். அண்ணை போன இடங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். பக்கத்து ஆசனத்தின் கால் விரிப்பைத் தூக்கிக் கையால் அழுத்தினார். காய்ந்திருந்தது. காருக்குள் தலையை விட்டு மோந்தார். கோர் ஒழுகினால் ஒரு தித்திப்பு மணம் வரும். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு படலம் படியும், துடைத்தாலும் போகாது. இரண்டும் இல்லை. 600 டொலர் தீர்ப்பு அந்த இடத்திலேயே தள்ளுபடியாயிற்று. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியைப் பார்த்தார். பால்கோப்பி நிறத்தில் நுரை இருந்தால் ஹெட் காஸ்கெற் போய்த் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் சுத்தமாக இருந்தது. புகைக்குழாயில் எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையும் இல்லை. கடைசியில் எஞ்சினுக்கும் காருக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவருக்குப் பக்கத்தில், ஹீற்றர் குழாய் பொருந்துகிற இடத்தில், வெண்பச்சையாய் ஒரு பொருக்கு காய்ந்து கிடந்தது. நீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து உலர்ந்த அடையாளம். றப்பர் முனை வருடக்கணக்கில் சுட்டுச் சுட்டு இறுகிப்போயிருந்தது. அந்த முனையை ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கிளிப் போட்டு முறுக்கினார்.

வாய்க்காலின் உடைப்பு அடைபட்டது. பாத்தி வாய் திறந்திருக்கிறதா என்பது மிச்சம். என்னை உள்ளே இருத்திச் சூட்டு நெம்பைக் குளிரில் இருந்து சூட்டுக்குத் தள்ளச் சொன்னார். கம்பி இழுக்க, குழாயில் இருந்த வால்வின் கை அசைவதைப் பொனற்றுக்குள் நின்று பார்த்தார். "திறக்குது" என்றார். பிறகு நிரப்புகிற வேலை.

அதற்குத்தான் அந்தத் தம்பி வீட்டு வாசல் அவருக்கு விருப்பம். வீதியில் இருந்து வீட்டை நோக்கி ஏற்றம். காரின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். நீர் குறைந்த இடத்தில் காற்றுப் புகுந்திருக்கும். காற்று எப்போதும் மேட்டைத் தேடும். பல கார்களில் கோர் உயரத்தில் இருப்பதால் அங்கே போய் அடைத்துக்கொண்டு நீரை விடாது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் களக் களக் என்று தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் அது அந்தக் காற்றின் சத்தம். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, நெம்பை முழுச் சூட்டில் விட்டு, பாதிக்குப் பாதி கலந்த கூலன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மேல் குழாயைக் கையால் பிசைந்தார். குமிழ்கள் வந்து உடைந்தன. மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினார். வெளியில் கீழ் 15 டிகிரி. சுற்றிவர எங்கள் இடுப்பளவு உயரத்துக்கு அள்ளிக் குவித்த ஸ்னோ. கையுறை போட்டால் ஸ்பானர் வழுக்கும், கழற்றினால் ஸ்பானர் தோலில் ஒட்டும்.

கொஞ்ச நேரத்தில் காருக்குள் முதல் தடவையாக உண்மையான சூடு வந்தது. கோருக்குப் போகிற குழாயையும் அதிலிருந்து திரும்புகிற குழாயையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் சுட்டன. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைபட்டிருக்கிறது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் நீர் அங்கே வந்து சேரவில்லை. காசு கேட்காத இந்தப் பரிசோதனையை அநேகமான கார்களில் செய்யலாம், விசிறிப் பட்டையில் கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணை, "401இல ஏத்திப் பாப்பம்" என்றார். கெனடி றோட் வழியாக ஏறினோம். வேகம் 100ஐத் தொட்டதும் சூடு குறைந்தது. வெப்பநிலை காட்டுகிற முள்ளும் கீழே சரிந்து, அடிக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். "மட்டை செருகினாச் சூடு கூடினதெண்டு சொன்னாயல்லோ?" என்றார். "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு வீடு வருமட்டும் ஒன்றும் பேசவில்லை.

எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் தெர்மோஸ்ரற் என்று ஒரு வால்வு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, நீரை றேடியேற்றருக்குப் போக விடாது. அநேகமான கார்களில் 80க்கும் 90க்கும் இடைப்பட்ட டிகிரிக்கு வந்ததும் திறக்கும். உள்ளே இருப்பது மெழுகு. சூட்டில் உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும்; ஆறினால் சுருங்கும், ஸ்பிரிங் மூடிவிடும். இந்த வால்வு திறந்தபடியே இறுகிவிட்டால் நீர் ஓயாமல் றேடியேற்றருக்குள் ஓடும். கனடாக் குளிரில் 100 கிலோமீற்றர் வேகத்துக் காற்று அடிக்கிற றேடியேற்றர் எஞ்சினைச் சூடாகவே விடாது. மட்டை அந்தக் காற்றைத் தடுத்ததால்தான் சூடு கூடியது.

எஞ்சினை ஆறவிட்டு, கொஞ்ச நீரை வாளியில் வடித்து, இரண்டு ஆணிகளைக் கழற்றி அந்த வால்வு இருக்கிற கூட்டைத் திறந்தார். உள்ளே வெறுமை. தெர்மோஸ்ரற்றே இல்லை.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஆள் ஆரோ கைவைச்சிருக்கிறான்!" ஊரில் கார் கொதித்தால் முதலில் செய்வது இதுதான். தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் நீர் தடையின்றி ஓடும், எஞ்சின் ஆறும். அவரே எத்தனையோ கார்களில் கழற்றி வீசியிருக்கிறார். வெக்கை ஊர்களில் அதனால் உடனே ஒரு கெடுதலும் கண்ணுக்குத் தெரியாது. சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "சும்மா ஒருத்தனும் உதைக் கழட்ட மாட்டான். கார் கொதிச்சிருக்கு. ஏன் கொதிச்சதெண்டு பாக்காம விட்டிட்டு, கழட்டிப்போட்டு உன்ர தலையில கட்டியிருக்கிறான்."

புதுத் தெர்மோஸ்ரற் 10 டொலருக்குள் வந்தது. அதையும் அவர் அப்படியே நம்பிப் போடவில்லை. குசினிக்குள் கொண்டுபோய், வால்வின் வாயில் ஒரு நூலைக் கடிக்க வைத்து, பழைய சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினார். நல்ல சட்டியில் கைவைக்கவேண்டாம் என்று தம்பியின் மனைவி முதலே சொல்லிவிட்டார். தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் இருக்கும்போது வால்வு வாயைத் திறக்க, நூல் நழுவித் தெர்மோஸ்ரற் சட்டியின் அடியில் விழுந்தது. "இது வேலை செய்யும்" என்று ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் பார்க்கப் பூட்டினார். புதுக் காஸ்கெற், இரண்டு ஆணி, மறுபடி நிரப்பிக் காற்றெடுப்பு. 401இல் ஏறினோம். முள் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நின்றது. முன்கண்ணாடி அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டு வந்தது. மேலங்கியின் பொத்தானைக் கழற்றினேன்.

ஏன் கொதித்தது என்ற கேள்வியை அண்ணை விடவில்லை. ஹீற்றரை நிற்பாட்டி, அந்தக் கடதாசி மட்டையால் றேடியேற்றரை முழுவதும் மூடி, எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். குளிர்காலத்துக்குள் ஒரு செயற்கைக் கோடை. முள் நடுவைத் தாண்டியது. றேடியேற்றருக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி சுழலத் தொடங்க வேண்டிய நேரம். சுழலவில்லை. முள் இன்னும் ஏற, எஞ்சினை நிறுத்தினார். விசிறிச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு வயர்களையும் ஒரு கம்பித் துண்டால் தொடுத்தார். விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. மோட்டார் நல்லது, பியூஸ் நல்லது. சூட்டை உணர்ந்து விசிறியை முடுக்கிவிடுகிற சுவிட்ச்தான் செத்திருந்தது. ஓடுகிற காரில் காற்றே வேலையைச் செய்துவிடும். கோடையில் நெரிசலில் நிற்கும்போதுதான் விசிறி தேவை. முந்திய சொந்தக்காரரின் கார் அப்படித்தான் எங்கேயோ நெரிசலில் கொதித்திருக்கிறது. ஒரு மலிவான சுவிட்சைத் தேடாமல் தெர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டுக் கோடையை ஓட்டியிருக்கிறார்கள். ஒழுகிய நீருக்குப் பதில் பைப் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கோடையில் மூடி மறைத்த நோய்க்குக் குளிர்காலம் சாட்சி சொன்னது.

சுவிட்சும் ஊதுகிற மோட்டாரின் றெசிஸ்ரரும் பழைய கார் உடைக்கிற யார்ட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. றெசிஸ்ரர் கையுறைப் பெட்டிக்குப் பின்னால், இரண்டு திருகாணியில் இருந்தது. அதை அண்ணை என்னையே கொண்டு கழற்றிப் பூட்டுவித்தார். எல்லாம் சேர்ந்து 600 டொலரில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. அண்ணை கூலியாக ஒரு போத்திலும், என் மனைவி சமைத்த கணவாய்க் கறியும் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு நன்மை சில மாதம் கழித்துத் தெரிந்தது. 1999 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு ரொறன்ரோவிலும் ஹமில்டனிலும் கார்ப் புகையைச் சோதிக்கிற திட்டத்தைத் தொடங்கியது. தேறாவிட்டால் இலக்கத் தகட்டைப் புதுப்பிப்பதில் சிக்கல். சூடு ஏறாத எஞ்சின் பெற்றோலை அளவுக்கு மேல் குடிக்கும். எரியாத மிச்சம் புகையிலும் எண்ணெயிலும் போய்ச் சேரும். உள்பாகங்கள் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்ரற் இல்லாமல் அந்தக் கார் சோதனைக்குப் போயிருந்தால் தேறியிருக்குமா என்பது சந்தேகம். திருத்திய பிறகு முதல் தடவையிலேயே தேறியது. பெற்றோல் செலவு குறைந்ததை என்னோடு வந்தவர்களும் கவனித்தார்கள். காசைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள், குறைத்தேன்.

அதற்குப் பிறகு பல பழைய கார்களை ஓட்டிவிட்டேன். ஹீற்றரை ஒரு வசதி என்று இப்போது நான் நினைப்பதில்லை. எஞ்சினைத் திறக்காமலே அதன் உடல்நிலையைச் சொல்லக்கூடிய உறுப்பு அது. நீர் குறைந்தாலும், பம்ப் தளர்ந்தாலும், தெர்மோஸ்ரற் இறுகினாலும், ஹெட் காஸ்கெற் கசிந்தாலும் ஹீற்றரின் சூட்டில் அது தெரிய வாய்ப்பு உண்டு. சூடு குறைகிறது என்றால் குளிரைத் தாங்கிக்கொண்டு ஓட்டிப் பழகாதீர்கள். எஞ்சின் கொதித்து நடுறோட்டில் நிற்பதற்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கிற கடைசி எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கொளுத்துகிற வெயிலாக இருந்தாலும் ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். வியர்க்கட்டும். நாலு வேகத்திலும் காற்று வருகிறதா பாருங்கள். முள் ஏறி ஓர் இடத்தில் நிற்கிறதா, நெடுஞ்சாலையில் கீழே விழுகிறதா பாருங்கள். திரும்பி வந்து எஞ்சினை நிற்பாட்டாமல் விசிறி சுழலுமட்டும் காத்திருங்கள். கார் குளிர்ந்திருக்கிற இன்னொரு நேரத்தில் போய் றேடியேற்றர் மூடியைத் திறந்து நீரின் நிறத்தையும் மட்டத்தையும் பாருங்கள். வாங்கிய பிறகு கூலன்றை மாற்றினால், வடித்ததை நிலத்தில் ஊற்றாதீர்கள். அது தித்திக்கும், நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும், சின்னப் பிள்ளைகளுக்கும் நஞ்சு. போத்திலில் விட்டு மூடியை இறுக்கி நகராட்சி குறித்த இடத்தில் கொடுத்துவிடுங்கள். வாங்க முதல் இத்தனையும் சோதித்து முடிப்பதற்குள் விற்பவர் பொறுமை இழந்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.